டிராக்டருக்கு எவ்வளவு எடை தேவை? பத்துச் சுற்றில் நீங்களே கண்டுபிடிக்கலாம்

உழும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறதா? கலப்பையைத் தூக்கியதும் முன்சக்கரம் எழும்புகிறதா? பெரும்பாலும் இது என்ஜின் கோளாறு அல்ல, எடைக் கோளாறு. எடை குறைந்தால் டீசலும் டயரும் வீணாகும். கூடினால் மண் இறுகி, வேர் இறங்காது. முன்பக்கம் இலகுவானால் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து உயிரே போகலாம்.

வீல் சிலிப்பைக் கணக்கிடும் முறை

1. பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள்.
2. வழக்கமான ஆழத்தில் கலப்பையை இறக்கி ஓட்டுங்கள். ஒருவர் தள்ளி நின்று 10 சுற்றுகளை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் குச்சி நடட்டும்.
3. கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே கியரில் அதே தூரத்தை ஓட்டி, சுற்றுகளை எண்ணுங்கள்.

இப்போது 9½ சுற்று வந்தால் சிலிப் 5 சதவீதம். 9 வந்தால் 10. 8½ வந்தால் 15. 8 வந்தால் 20. இரு சக்கர இயக்க டிராக்டருக்கு 10 முதல் 15 சதவீதம் சரியானது. அதற்கு மேல் போனால் பின்பக்கம் எடை கூட்டுங்கள். 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் எடை அதிகம், குறையுங்கள்.

டயர் தடமும் இதைச் சொல்லும். பட்டன் தடம் அச்சு வார்த்ததுபோல் தெளிவாக இருந்தால் எடை கூடுதல். தடமே தெரியாமல் மண் சிதைந்திருந்தால் எடை குறைவு. தடம் தெரிந்து, இடையில் மண் லேசாக நகர்ந்திருந்தால் சரி.

முன்னும் பின்னும்

இரு சக்கர இயக்க டிராக்டரில் மொத்த எடையில் சுமார் 30 சதவீதம் முன்னேயும் 70 சதவீதம் பின்னேயும் இருப்பது நல்லது. நான்கு சக்கர இயக்கத்தில் 40க்கு 60. எடை மேடையில் முதலில் முழு டிராக்டரையும், பிறகு முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கருவியைத் தூக்கிய நிலையிலும், டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். டிராக்டர் 2,000 கிலோ என்றால் 400 கிலோ. அதற்குக் கீழே ஸ்டியரிங் பிடிக்காது.

எந்த வேலைக்கு என்ன எடை?

* சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை: இழுவை அதிகம். பின்சக்கரத்தில் வீல் வெயிட் மாட்டலாம், அல்லது டயரில் தண்ணீர் நிரப்பலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் இருக்கும்படி வைத்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பாகம் நிறையும். மீதிக்குக் காற்று அடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.
* ரோட்டவேட்டர்: இதுவே டிராக்டரை முன்னே தள்ளும், பின் எடை தேவையில்லை. தூக்கும்போது முன்பக்கம் எழும்பினால் முன் வெயிட் மாட்டுங்கள்.
* சேற்று உழவு: கூடுதல் எடையைக் கழற்றிவிட்டு, கேஜ் வீல் மாட்டுங்கள். எடை கூடினால் வண்டி புதையும்.
* டிரெய்லர்: இரு சக்கர டிரெய்லரில் பாரத்தை முன்னால் குவித்தால், கரை ஏறும்போது டிராக்டரின் முன்பக்கம் எழும்பும். பின்னால் குவித்தால் பின்சக்கரத்தில் பிடிப்பு போய், பிரேக் நிற்காது. அச்சுக்குச் சற்று முன்னே பாரம் விழும்படி ஏற்றுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* முன்பக்கம் எழும்புகிறது என்று பானெட்டில் ஆளை உட்கார வைக்காதீர்கள்.
* சங்கிலியை டாப் லிங்க்கிலோ பின் அச்சிலோ கட்டி இழுக்காதீர்கள். தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள்.
* சேற்றில் மாட்டினால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னே ஓட்டாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் டிராக்டரே தலைகீழாகப் புரளும். ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் வேறு வண்டியால் இழுங்கள்.

உங்கள் மாடலுக்கான உச்ச எடையும் டயர் காற்றளவும் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.