கணினி நினைவகத்தில் மீளல்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வழியிலுள்ள சாம்பல்தீவில் ஒரு சங்கக்கடை இருப்பதாகக் கொள்வோம். களஞ்சியப் பேரேட்டிற் பத்து மூடை அரிசியைக் கழித்த கணக்கர், கடைப் பேரேட்டில் அதனைச் சேர்க்குமுன் தடைப்பட்டு நின்றால், அப்பத்து மூடையும் எக்கணக்கிலும் இல்லாதொழியும். இரு பதிவும் நிகழ்தல் வேண்டும்; அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். இவ்வாறு பிரிக்கலாகாத செயற்றொகுதியைக் கணினி நூலார் பரிவர்த்தனை என்பர். இடையில் முறிந்ததைத் தொடக்க நிலைக்குக் கொணர்தலே மீளல்.

இதற்கு இலக்கணம் வகுத்தோருள் தலையாயவர் ஜிம் கிரே. 1970களில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்னும் தரவுத்தளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய அவர், பரிவர்த்தனையின் சிறப்பையும் எல்லையையும் 1981இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்திற் சேர்ந்தவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்ற சி. மோகன். அவரும் நால்வரும் 1992இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ முறை, மாற்றம் வட்டிற் பதியுமுன்னரே அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். மீளும்போதும் பழைய வரியை அழியாது, நம் கணக்கர் எதிர்ப்பதிவு இடுமாறுபோலப் புதுவரி எழுதும். மீளுகையிலேயே மின்சாரம் நின்றாலும், எதுவரை மீண்டோம் என்பது அவ்வரியாற் புலப்படும். இந்நுட்பமே அம்முறையின் உயிர் என்பது எம் கருத்து.

வட்டினை நாடாது நினைவகத்தில் மட்டும் வாழும் பொருள்களுக்கு இத்துணை ஏற்பாடு வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் அவை முற்றாக மறையும். நிரலிடையே நேரும் பிழையினின்று மீண்டாற் போதும். பொருள் நோக்கு நிரலாக்கம் பற்றி நால்வர் 1994இல் வெளியிட்ட நூல், ‘மெமென்டோ’ என்னும் பாங்கை விளக்கிற்று. பொருள் தன் உள்ளமைப்பைப் பிறர்க்குக் காட்டாமலே தன் நிலையின் படியொன்றைத் தரும்; பிழை நேரின் அப்படியைக் கொண்டு முன்னிலையை எய்தும்.

மாணாக்கர் பெரிதும் இடறுவது ஈண்டுத்தான். பேரேட்டைப் படியெடுக்கையில், அதனுள்ளிருக்கும் பட்டியலைப் படியெடாது அதன் முகவரியை மட்டும் எடுத்தால், படியும் மூலமும் ஒரே பட்டியலையே சுட்டும். மூலத்திற் புகுந்த பிழை அக்கணமே படியிலும் புகும். மீளுதற்குப் பழைய நிலை எங்கும் இராது. பல்லாயிரம் மூடைகளின் கணக்கு இதனாற் பாழாகலாம். உட்பொருள்களையும் படியெடுத்தல் ஒருவழி. தோன்றியபின் மாறாத பொருள்களையே ஆளுதல் பிறிதொருவழி. பல இழைகள் ஒருங்கே இயங்கும் நிரல்களுக்காக ஹெர்லிஹியும் மோஸும் 1993இல் வன்பொருள் வழியையும், ஷவிட்டும் டூய்டூவும் 1995இல் மென்பொருள் வழியையும் முன்வைத்தனர்.

இனி, களஞ்சியத்திலிருந்து லொறி புறப்பட்டுவிட்டதாயின், பேரேட்டை மீட்பதால் லொறி திரும்பாது. மீட்கவொண்ணாத இத்தகைய செயல்களைக் கிரேயும் வேறுபிரித்தே பேசினார். ஆதலின் தேர்ந்த நிரலர், பதிவுகள் யாவும் உறுதியான பின்னரே லொறிக்குக் கட்டளை இடுவர்.