பெட்டை நாய்க்குட்டியின் பிறப்புறுப்புக் கசிவும் சிறுநீர்த் தொற்றும்

பெட்டை நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 2 மாத வயதிலிருந்து, முதல் பருவத்துக்கு வரும்வரை, பிறப்புறுப்பில் பிசுபிசுப்பான கசிவு காணலாம். இதற்குக் குட்டிப் பருவ யோனி அழற்சி என்று பெயர். சிறுநீர்த் தொற்று என்பது வேறு. அதில் பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் குடியேறி அதன் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. முன்னது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பின்னதற்கு மருந்து வேண்டும். குட்டி அடிக்கடி நக்கிக்கொள்வதும் ஈரமாகவே இருப்பதும் இரண்டிலும் உண்டு என்பதால், ஊர்ப்பக்கம் இரண்டையும் சேர்த்து ‘சூடு’ என்றோ ‘நீர்க்கடுப்பு’ என்றோ சொல்லி ஒரே கைவைத்தியத்தைச் செய்துவிடுகிறார்கள். குட்டிக்குக் கெடுதல் வருவது அங்கேதான்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் நாயை மறக்க முடியாத ஊர். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையை ஒட்டி, புதுக்கோட்டை – காரைக்குடி சாலையோரத்தில், கோட்டை பைரவர் வடக்கு நோக்கி நிற்கிறார். அவ்வழியே போகிற வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகின்றன. பைரவரின் வாகனம் நாய். அப்படியிருந்தும் நம் ஊர்களில் ஈற்றுக்கு ஈற்று ஆண் குட்டிகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, பெட்டைக் குட்டிகளைக் கண்மாய்க் கரையிலும் சந்தைத் திடலிலும் விட்டுவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. தப்பித்து ஒரு வீட்டில் வளரும் பெட்டைக் குட்டியும், தரையில் மஞ்சள் கறை பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வீதிக்குத் தள்ளப்படுகிறது. அந்தக் கறை பெரும்பாலும் நோயே அல்ல என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசல் ஒன்று

பெட்டை நாயின் சிறுநீர்க்குழாய் வெளியே தனியாகத் திறப்பதில்லை. யோனியின் முன்கூடத்துக்குள்ளேயே திறக்கிறது. சிறுநீரும் யோனிக் கசிவும் வெளியே வர ஒரே வாசல். ஆண் நாயோடு ஒப்பிட்டால் இந்தக் குழாய் குட்டையானது, அகலமானது. மலத்துவாரமும் அருகிலேயே இருக்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பைக்கு ஏறிவர அதிக தூரம் இல்லை. நாய்களின் சிறுநீர்த் தொற்றில் முதலிடம் இதற்குத்தான். ஸ்டஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ் வகைகள் அடுத்து வருகின்றன.

குட்டிக்கு ஏன் கசிகிறது? பருவத்துக்கு வருமுன் யோனியின் உள்தோல் மிக மெல்லியது. ஈஸ்ட்ரோஜன் இன்னும் சுரக்காததால் அதற்குத் தடிப்பு ஏறவில்லை. தன்னிடம் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களோடுகூட அது ஒத்துப்போகத் தடுமாறுகிறது. பிறப்புறுப்பும் சிறியதாக, தோல் மடிப்புக்குள் அமுங்கியிருப்பதால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். முதல் பருவம் வந்ததும் உள்தோல் பல அடுக்காகத் தடித்து, பிறப்புறுப்பும் வளர்ந்து மடிப்பைவிட்டு வெளியே வருகிறது. பல மாதமாக நீடித்த கசிவு அத்தோடு நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

பார்த்து அறிவது

குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். பிறப்புறுப்பின் கீழ்நுனியில் தூரிகை முனைபோல ஒரு மயிர்க்கற்றை இருக்கும். யோனி அழற்சி உள்ள குட்டிக்கு அதில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு துளி ஒட்டிக் காய்ந்து, மயிர் விறைத்து நிற்கும். சில குட்டிகளுக்குச் சற்றுப் பச்சையோடியும் இருக்கலாம். இறக்கிவிட்டால் ஓடும், செருப்பைக் கவ்விக்கொண்டு போகும், வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டையும் நக்கும். காய்ச்சல் இராது. மூத்திரம் ஒரே மூச்சில் தாராளமாகப் போகும்.

சிறுநீர்த் தொற்று உள்ள குட்டியின் நடத்தையே வேறு. சுவரோரம் குந்தும், நாலு சொட்டு விழும். எழுந்து இரண்டடி போய் மறுபடி குந்தும், முக்கும். சில நேரம் ஒன்றும் வராது. வந்தாலும் கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு தெரியும், நாற்றம் அதிகமாக இருக்கும். வெளியே போகப் பழகிய குட்டி திடீரென்று படுத்த சாக்கிலேயே நனைத்துக்கொண்டால் அதுவும் ஓர் அடையாளம். ஆகவே கவனிக்க வேண்டியது கசிவின் நிறத்தைவிட, குட்டி மூத்திரம் பெய்யும் விதத்தை.

எத்தனை முறை பெய்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 2 மாதக் குட்டி விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை போவது இயல்பே. தின்றதும், தூங்கி எழுந்ததும், வீட்டார் திரும்பி வந்த சந்தோஷத்திலும் பெய்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் திருமயத்துப் பாறை மண் கொதிக்கும்போது தண்ணீர் போதாமல் மூத்திரம் அடர்மஞ்சளாவதும் உண்டு. தண்ணீர் குடித்ததும் நிறம் வெளுத்தால் கவலையில்லை.

காப்பித்தண்ணீர் நிறத்தில் போனால் கதையே வேறு. உண்ணி கடித்துப் பரவும் பேபிசியா நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரம் கறுக்கும். குட்டி சோர்ந்து கிடக்கும், காய்ச்சல் அடிக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். இதை நீர்க்கடுப்பு என்று நினைத்து இரண்டு நாள் பார்த்திருந்தால் குட்டி கைவிட்டுப் போய்விடலாம். எலி மூத்திரத்தின் வழியே மழைக்காலத்தில் பரவும் லெப்டோஸ்பைரா நோயிலும் நிறம் மாறும், கண் மஞ்சளாகும். இது நாயின் மூத்திரத்திலிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதால், காரணம் தெரியும்வரை வெறுங்கையால் துடைக்கக் கூடாது. 6 மாதம் தாண்டிய குட்டியிடம் இரத்தக் கசிவு தெரிந்து, பிறப்புறுப்பும் வீங்கியிருந்தால், அது முதல் பருவமாக இருக்கலாம்.

கைவைத்தியம் செய்யும் கெடுதல்

சூடு தணிய என்று நம் வீடுகளில் முதலில் கை போவது சின்ன வெங்காயத்துக்கு. மனிதருக்கு அது குளிர்ச்சி என்கிறோம். நாய்க்கு அது நஞ்சு. வெங்காயமும் பூண்டும், பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும், நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அளவு கூடினால் மூத்திரம் கறுப்பாகப் போகும். நோய்க்கு மருந்தென்று கொடுத்ததே நோயின் அடையாளத்தை உண்டாக்கிவிடும். சாம்பாரில் பிசைந்த சோற்றையே நாள்தோறும் வைக்கும் வீடுகளும் இதை யோசிக்க வேண்டும். திராட்சையும் ஆகாது, உலர்ந்ததும் ஆகாது. அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவுவது அடுத்த தவறு. அழற்சியில் இருக்கும் மெல்லிய தோல் அதில் வெந்துபோகும், மீதியைக் குட்டி நக்கி விழுங்கும். முகப்பவுடர் தூவுவதும், குழாய் வைத்து உள்ளே கழுவ முயல்வதும் வேண்டாம். ஆறிய வெந்நீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, வெளியே மட்டும், மேலிருந்து கீழாக ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்கினால் போதும். ஒரு நாளைக்கு இருமுறை செய்யலாம். மயிர் நீளமாக இருந்தால் நுனியைக் கத்தரித்துவிடலாம்.

எல்லாவற்றிலும் மோசமானது மருந்துக்கடையில் வாங்கும் மனித மாத்திரை. வலிக்கு என்று கொடுக்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீர்க்கடுப்புக்கு என்று வீட்டில் மீந்து கிடக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும், அதன் கால்நடை உறவான என்ரோஃப்ளாக்சசினும், வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைச் சிதைக்கக்கூடியவை. ஓடித் திரிய வேண்டிய வயதில் குட்டி நொண்டத் தொடங்கும். தரை நனைகிறதே என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைப்பதும் கொடுமைதான். தொற்று இருந்தால் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும்.

சோதனையும் சிகிச்சையும்

மருத்துவரிடம் போகும்போது பாதி வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். வெந்நீரில் கழுவிக் காயவைத்த குழிக்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, விடிந்ததும் குட்டியின் பின்னே போக வேண்டும். அது குந்தியதும் முதல் துளிகளை விட்டுவிட்டு, நடுவில் கரண்டியை நீட்டிப் பிடிக்க வேண்டும். பெட்டைக் குட்டி தரையோடு ஒட்டிக் குந்தும் என்பதால் ஆழம் குறைந்த கரண்டியே தோதானது. பிடித்ததைச் சுத்தமான டப்பாவில் மூடி, அரை மணிக்குள் சோதனைக்குக் கொடுப்பது நல்லது. திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் கொண்டுபோவதென்றால், பனிக்கட்டி போட்ட பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்துக் கொண்டுபோகலாம்.

இப்படிப் பிடித்த சிறுநீரில் இரத்தம், சீழணு, உப்புப் படிகம், அடர்த்தி எல்லாம் தெரியும். ஆனால் பாக்டீரியா தெரிந்தால் அது சிறுநீர்ப்பையில் இருந்து வந்ததா, வழியில் யோனிக் கசிவில் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. வாசல் ஒன்றாக இருப்பதன் சிக்கல் இது. உறுதியாக அறிய, மருத்துவர் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக எடுப்பார். கேட்கப் பயமாக இருந்தாலும், பழகிய கையில் சில நொடி வேலை. குட்டிக்கு அதிக வலி இராது. இதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே அழைத்துப் போகும் வழியில் குட்டி மூத்திரம் பெய்துவிடாமல் கூடையிலோ மடியிலோ வைத்துக்கொள்வது உதவும். யோனியிலிருந்து பஞ்சால் ஒற்றி வளர்த்துப் பார்ப்பதில் பயன் குறைவு. நல்ல குட்டியிடமும் அங்கே பாக்டீரியா வளரத்தான் செய்யும்.

அரசு கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடுமே பெரும்பாலும் வரும். ஸ்கேனோ, பாக்டீரியா வளர்ப்புச் சோதனையோ வேண்டியிருந்தால், தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தப் பகுதிக்குப் பக்கம். 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வரை போகத் தேவையில்லை.

தொற்று உறுதியானால் பெரும்பாலும் அமாக்சிசிலினில் தொடங்குவார்கள். 2019இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல், எப்போதாவது வரும் சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்கிறது. முன்பு இரண்டு வாரம் வரைகூடக் கொடுத்த வழக்கத்தை அது மாற்றியது. அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது, அதை மருத்துவரே சொல்ல வேண்டும். குட்டிப் பருவ யோனி அழற்சி மட்டும் இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. கொடுத்தால் சில நாள் கசிவு குறைந்து, நிறுத்தியதும் திரும்ப வரும். மறுபடி கொடுத்தால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வளரும். வெறுங்கையோடு அனுப்பும் மருத்துவரிடம் மருந்து எழுதித் தாருங்கள் என்று வற்புறுத்தாமல் இருப்பது நல்லது.

மருந்து முடிந்தும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பிறவிக் கோளாறைத் தேட வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் அதைத் தாண்டித் திறக்கும் குறை சில குட்டிகளுக்கு உண்டு. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி இனங்களில் இது கூடுதல். பிறந்தது முதலே, தூங்கும்போதும், சொட்டிக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். அடித்துத் திருத்த முடியாது. அறுவை சிகிச்சைதான் வழி. ஒட்டுப்புல் முள் உள்ளே சிக்கிக்கொண்டாலும் கசிவு நிற்காது, ஆனால் அது பெரும்பாலும் திடீரென்று தொடங்கும், குட்டி ஓயாமல் நக்கும்.

கருத்தடை

கசிவு உள்ள குட்டிக்கு முதல் பருவம் முடியும்வரை கருத்தடை அறுவையை ஒத்திவைக்கப் பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஒருமுறை சுரந்து உள்தோலை ஆற்றட்டும் என்பதே காரணம். கட்டி வளர்க்கும் வீட்டுக்கு இது சரியான யோசனை. வீதியில் திரியும் குட்டிக்கு இது பொருந்தாது. முதல் பருவத்திலேயே அது சினைபிடிக்கும், வீதி ஆண் நாய்களிடமிருந்து பிறப்புறுப்புக் கட்டி நோயும் தொற்றும். சிறு கசிவு அதைவிடப் பெரிய துன்பமல்ல. வீட்டுக் குட்டியானால் பருவம் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து, மூன்று வாரத்துக்கு மேல் கதவைச் சாத்திப் பாதுகாத்து, பருவம் முடிந்து 2 முதல் 3 மாதம் கழித்து அறுவைக்கு அழைத்துப் போகலாம். அதற்குள் அந்த மயிர்க்கற்றை பெரும்பாலும் காய்ந்து மிருதுவாகியிருக்கும்.