கேள்விக்குறியோடு நிற்கும் உறவுகள்

பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, மொழியியல் மாணவர்க்கு இன்றியமையாத நூலாகும். ஒரு சொல் குறிப்பிட்ட இனத்தைச் சேர்ந்ததா என்னும் ஐயம் எழுந்தபோது, தொகுத்தோர் அச்சொல்லை நீக்கிவிடவில்லை. உறுதியான சொற்களோடு கலந்துவிடவும் இல்லை. அதன்முன் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்தனர். மொழிக்குடும்பத்திற்கு வகுத்த இந்நெறி, தம் குடும்ப வரலாற்றை எழுத முனைவோர்க்கும் பொருந்தும்.

மலாயாவுக்கு வந்த முன்னோரைத் தேடுவோர் முதலில் சந்திப்பது பெயர்ச் சிக்கல். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே அடையாளம். மேலும், பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இவ்வழக்கம் தொடர்ந்த குடும்பத்தில் இராமன் மகன் முத்து, முத்து மகன் இராமன், மீண்டும் இராமன் மகன் முத்து எனத் தலைமுறைகள் மாறி மாறி வரும். ஏட்டில் 'இராமன் மகன் முத்து' எனக் கண்டால், அவர் பாட்டனா, பேரனா, வேற்றுக் குடும்பத்தவரா என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. உரோமன் எழுத்திலோ, மாறனும் மாரனும் ஒருவராகிவிடுவர்.

அடுத்தது உறவுச் சொல். தந்தையின் உடன்பிறந்தான் மகனும், தாயின் உடன்பிறந்தாள் மகனும் தமிழில் அண்ணன் தம்பியரே. பங்காளி வழியில் இம்முறை மேலும் விரியும். எனவே 'தாத்தாவோடு அவர் தம்பியும் கப்பலேறினார்' என்று பாட்டி சொன்னால், அது பொய்யன்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர் என்பதற்குச் சான்றும் அன்று. ஆயினும் அச்சொல் வெறுமையானதன்று. உண்மையான உறவினராயின், அவர் தாத்தாவின் தலைமுறையினர், மைத்துனர் முறையினர் அல்லர் என்ற அளவுக்கு அது வழிகாட்டுகிறது.

இதில் நானும் இருமுறை பிழை செய்தவன். 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்று திரும்பாத ஒருவரை என் பாட்டியார் 'தாத்தாவின் தம்பி' என்பார். தோட்டப் பேரேடு ஒன்றில் அதே பெயரையும் தந்தை பெயரையும் கண்டு, இருவரும் ஒருவரே எனத் துணிந்து மரபுவரிசையில் சேர்த்தேன். உறவினர் பலர் அதைப் படியெடுத்தனர். பின்னர், பேரேட்டில் இருந்தவர் போருக்குப் பின்னும் அத்தோட்டத்திலேயே வாழ்ந்தவர் எனத் தெரிந்தது. நாணமுற்று அப்பெயரையே அடித்துவிட்டேன். அது முதற்பிழையினும் பெரிது. தவறு பேரேட்டோடு இணைத்ததில்தான். பாட்டியாரின் நினைவில் அன்று. அப்பாதையில் மாண்ட தமிழர் மிகப் பலர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. அவரை நினைவுகூரும் ஒரே இடத்தையும் நான் அழித்திருந்தேன்.

இன்று அவர் மீண்டும் எங்கள் மரபுவரிசையில் இருக்கிறார். முழுக்கோட்டில் அன்று, புள்ளிக்கோட்டில். அருகே இச்செய்திகள் உள்ளன: சொன்னவர் யார், எப்போது, எச்சொல்லால் சொன்னார், உறவு எவ்வெவ்வாறு இருக்கக்கூடும், எச்சான்று கிடைத்தால் அது உறுதிப்படும், எது கிடைத்தால் விலகும். பேரேட்டுக்காரர் தனிப் பதிவாக இருக்கிறார். இருவரும் வேறானவர் எனக் கருதுவதற்கான காரணமும் எழுதப்பட்டுள்ளது. இல்லையேல் நாளை இன்னொருவர் அதே பேரேட்டைக் கண்டு அதே பிழையைச் செய்வார்.

முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதுவோர் 'தம்பி' என்றால் 'தம்பி' என்றே எழுதுக; 'உடன்பிறந்தவர்' எனத் திருத்த வேண்டா. அவர்கள் ஆண்ட சொல்லே சான்று. நம் ஊகத்தை அதன் பக்கத்தில் தனியே வைப்போம். ஐயத்தை ஐயமாகவே எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை நம் தேடலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.