பாதுகாப்பு நீட்சிகளும் நிறுவலில் எழும் தடைகளும்

இணைய உலாவிக்கு மேலதிக வசதி சேர்க்கும் சிறு மென்பொருட்களே நீட்சிகள் எனப்படுகின்றன. புதியதொரு நீட்சியை நிறுவ முயல்கையில், பொத்தானை அழுத்தியும் எதுவும் நிகழாதிருப்பதுண்டு. குறை புதிய நீட்சியில் உள்ளதென்றே பலரும் எண்ணுவர். ஆயினும், முன்னரே நிறுவப்பட்ட அந்தரங்கப் பாதுகாப்பு நீட்சியும் இதற்குக் காரணமாகலாம்.

2005ஆம் ஆண்டில் பயர்பொக்ஸ் உலாவிக்கென வெளியான நோஸ்கிரிப்ட் இதற்குத் தக்க உதாரணமாகும். பயனர் அனுமதிக்காத தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட் இயங்குவதை அது தடுக்கின்றது. நிறுவல் பொத்தான் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டே இயங்குமாயின், அப்பொத்தானும் செயலற்றுப் போகும்.

இந்நிலையில், பாதுகாப்பு நீட்சிகளை ஒவ்வொன்றாக இடைநிறுத்தி, பக்கத்தை மீள ஏற்றிப் பார்த்தல் வேண்டும். தடுத்தது எதுவெனத் தெரிந்ததும் அதனை மீண்டும் இயக்கி, நம்பகமான தளமாயின் அத்தளத்திற்கு மாத்திரம் தற்காலிக அனுமதி வழங்கலாம். நிறுவல் முடிந்ததும் அவ்வனுமதியை இரத்துச் செய்வதே முறையாகும்.

எல்லாத் தடைகளும் இவ்வாறு எழுவனவல்ல. 2016 ஒகஸ்ட் மாதம் வெளியான பயர்பொக்ஸ் 48 முதல், மொசில்லாவின் மின்னொப்பம் பெறாத நீட்சிகளைப் பொதுப் பதிப்பு ஏற்பதில்லை. 2017 நவம்பரில் வெளியான 57ஆம் பதிப்புடன் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளும் கைவிடப்பட்டன. அத்தகையவற்றுக்காகப் பாதுகாப்பைத் தளர்த்துவதால் பயனில்லை.

பாதுகாப்பு அனைத்தையும் அகற்றுமாறு ஒரு தளம் கோருமாயின், ஐயுற வேண்டியது அத்தளத்தையே. விருந்தினருக்காகப் படலையைத் திறக்கலாம். வேலியைப் பிரித்தல் ஆகாது.