கணவாயும் கொல்லன் உலையும்

அலுவல் நிமித்தம் புனே நகரில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இவ்வூரின் சைக்கிள் மோகம் புதிதன்று. ஆலைத் தொழிலாளர், கல்லூரி மாணவர், அலுவலக எழுத்தர் என்ற வேற்றுமையின்றி எல்லோரும் மிதித்துச் சென்ற காலத்தில், இந்தியாவின் சைக்கிள் நகரம் என்றே இது பெயர் பெற்றிருந்தது. மும்பையிலிருந்து இங்கு வந்து முடியும் சைக்கிள் பந்தயமும் பல பத்தாண்டுப் பழமை உடையது.

அப்பந்தயத்தின் உயிர்நிலை போர்காட் ஏற்றமே. கொப்போலியிலிருந்து கண்டாளா வரை சாலை ஏறத்தாழ 500 மீட்டர் உயர்கிறது. அங்கு முந்துபவருக்கு 'காட்டாச்சா ராஜா' என்பது பட்டம். இதனைத் தமிழில் பெயர்க்க முற்பட்டால் நம் தொழிலுக்கே சோதனை வந்துவிடும். காசியில் படித்துறையைக் குறிக்கும் 'காட்' என்னும் சொல், மராத்தியில் மலைவழியையும் குறிக்கிறது. 'கணவாய் மன்னன்' என்று வைத்துக்கொள்வோம்.

மும்பைப் பந்தயம் ஒரு நாளில் முடிந்துவிடும். பல நாள் ஓடும் பந்தயங்களுள் புகழ்மிக்கது பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயம். 1903இல் 'லோட்டோ' என்னும் செய்தித்தாள், தன் விற்பனையைப் பெருக்கவே அதனைத் தொடங்கிற்று. ஆறு கட்டங்கள், 2,428 கி.மீ. புறப்பட்டோர் 60 பேர். முடித்தோர் 21 பேர். வென்றவர் மோரிஸ் காரன். 1910இல் பிரனீசு மலைகளும் பாதையில் சேர்க்கப்பட்டன.

வென்றவர்களைக் காட்டிலும் வெல்லாத ஒருவரே நம் நெஞ்சைத் தொடுகிறார். அவர் பெயர் யூஜீன் கிறிஸ்தோஃப். 1913இல் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியைப் பெறலாகாது என்பது அன்றைய விதி. வண்டியைத் தோளில் சுமந்து 10 கி.மீ.க்கு மேல் நடந்து, சேந்த் மரீ த காம்பன் என்னும் சிற்றூரின் கொல்லன் உலையை அடைந்தார். விதியைக் காக்க அதிகாரிகள் அருகிலேயே நின்றனர். இரும்பைக் காய்ச்சித் தம் கையாலேயே அடித்துச் சீர்செய்தார். இரு கையும் வேலையில் இருக்க, துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன். அதனையும் உதவியெனக் கணக்கிட்டுத் தண்டனை நேரம் விதித்தனர்! விதி என்பது இத்துணை இரக்கமற்றதாக இருக்க வேண்டுமா? கோப்புகளுக்கிடையே வாழும் நமக்கே அது மிகையாகத் தோன்றுகிறது.

முன்னணி வீரரை அடையாளங்காட்டும் மஞ்சள் சட்டை 1919இல் முதன்முதல் வழங்கப்பட்டபோது, அணிந்தவர் அதே கிறிஸ்தோஃப். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் மீண்டும் முன்கவை முறிந்தது. வெற்றி ஃபிர்மேன் லாம்போவுக்குப் போயிற்று. மனம் நெகிழ்ந்த மக்கள் நன்கொடை திரட்டி அவருக்கு அளித்தனர். 1922இல் மூன்றாம் முறையும் கவை முறிந்தது. சுற்றுப் பந்தயத்தை அவர் ஒருபோதும் வென்றதில்லை.

பல நாள் பந்தயம் புனேவுக்கும் வந்தது. 2026 ஜனவரி 19 முதல் 23 வரை நடந்த புனே கிராண்ட் டூரில் அயல்நாட்டு வீரர்களும் கலந்துகொண்டு, சஹ்யாத்ரி மலைச்சாலைகள் உட்பட 437 கி.மீ. ஓட்டினர். இக்காலப் பந்தயங்களில் குழுவின் மோட்டார் வண்டி மாற்றுச் சக்கரத்துடன் பின்தொடர்கிறது. பழுதானால் சில நொடிகளில் மாற்றிவிடுகிறார்கள். உலைக்களம் தேடி நடக்க வேண்டியதில்லை. காம்பன் சிற்றூரில் மட்டும், கிறிஸ்தோஃப் இரும்படித்ததை நினைவூட்டும் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது.