கொமுனா

ருமேனிய மொழியில் ‘கொமுனா’ என்றால் கிராமம் இல்லை. ஒன்றோ பலவோ கிராமங்கள் அடங்கிய ஆட்சி வட்டம். நம் ஊராட்சிக்குப் பக்கத்தில் வரும். ‘கம்யூன்’ என்றதும் 1871-இன் பாரிஸ் எழுச்சி நினைவுக்கு வருபவர்கள் அதை ஒதுக்கிவிடலாம். வேர் ஒன்றுதான்: ‘பொது’ எனப் பொருள்படும் லத்தீன் ‘கொம்யூனிஸ்’. ஆனால் ருமேனியாவில் இது 1864-இல், அலெக்சாண்ட்ரு இயோன் கூசா ஆட்சியில், பிரெஞ்சு முறையைப் பார்த்துச் செய்த சட்டத்தால் வேரூன்றிய அலுவலகச் சொல்.

கிராமத்தைச் சொல்ல ஊர்க்காரர் வாயில் வருவது ‘சாத்’. அதுதான் சுவையான சொல். பழைய வடிவம் ‘ஃப்சாத்’; அகழி சூழ்ந்த இடத்தைக் குறித்த லத்தீன் ‘ஃபொசாத்தும்’ அதன் மூலம். அல்பேனியரிடம் இன்றும் ‘ஃப்ஷாத்’ என்றால் கிராமம்தான்.

சிபியு மாவட்டத்து பியெர்த்தானைப் பாருங்கள். பியெர்த்தான், கோப்ஷா மாரே, ரிகிஷ் என மூன்று சாத், ஒரே கொமுனா. திரான்சில்வேனியா 1918 வரை ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இருந்ததால் கூசாவின் சட்டம் அப்போது இங்கே எட்டவில்லை. இவ்வூர்களை வளர்த்தவர்கள் ஜெர்மன் பேசிய சாக்சன்கள். அவர்களுக்குப் பியெர்த்தான் ‘பிர்த்தெல்ம்’. 1572 முதல் 1867 வரை அவர்களுடைய லூத்தரன் ஆயரின் இருக்கையும் இதுவே. மதில் சூழ்ந்த தேவாலயத்தின் பொருளறைக் கதவில், ஒரே சாவிக்குப் பல தாழ்கள் ஒருசேர நகரும் பூட்டு இருக்கிறது. 1989 புரட்சிக்குப் பின் பெரும்பாலான சாக்சன்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே ருமேனியரும் ரோமா மக்களுமே மிகுதி.