வில்வண்டியும் ஊர் வாயும்

ஊருக்குப் போன் போட்டால் முதல் கேள்வி "சாப்டியா?" இரண்டாவது "எப்ப வர்றே?" மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஏங் கண்ணு, அங்க என்ன வண்டி வெச்சிருக்கறே?"

நீங்கள் பழைய டொயோட்டா கொரோலா என்று உண்மையைச் சொன்னால் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். பெரிய ஜெர்மன் கார் என்று சொன்னால் அங்கேயும் மௌனம்தான், ஆனால் வேறு வகை. "ம்ம்... பரவால்ல, இருக்கட்டும்" என்று இழுப்பார்கள். இந்த இரண்டு மௌனங்களுக்கும் பின்னால் ஒரு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகும் சாலையில் எல்லையைத் தாண்டினால் கோபாலபுரம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். ஆனால் இரண்டு பக்கமும் வீட்டில் பேசுவது தமிழ்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை அங்கே வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. தேங்காய் லாரியும் மாட்டு லாரியும் வரிசை கட்டி நிற்கும். எல்லையில் வளர்ந்தவனுக்கு வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் ஆளை எடை போடும் பழக்கம் தானாக வந்துவிடும். டி.என். 41 என்றால் பொள்ளாச்சி. கே.எல். 70 என்றால் சித்தூர். அந்தப் பக்க வண்டி இந்தப் பக்கம் ஒரு உரசு உரசினால், சண்டை டிரைவரோடு நிற்காது, மாநிலத்தோடு நடக்கும் :-)

லாரிக்கும் காருக்கும் முன்னால் எங்கள் பக்கத்தில் ஆளை எடை போட்டது மாட்டுவண்டியை வைத்து. மொட்டை வண்டி, பார வண்டி, கூண்டு வண்டி என்று வகை வகையாக உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே வில்வண்டி. பாரம் ஏற்ற அல்ல, ஆட்கள் சவாரி போக. அடியில் இரும்பு வில் வைத்திருப்பதால் குண்டும் குழியுமான பாதையிலும் தூக்கிப் போடாது. உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம், காளைகளின் கழுத்தில் மணி. மணிச்சத்தம் கேட்டாலே "பெரிய வீட்டு வண்டி வருது" என்று வழிவிடுவார்கள். வில்வண்டி வைத்திருந்த வீடுகளை ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அந்த எழுதாத சட்டத்தை ஒருவர் வண்டி ஓட்டியே உடைத்தார். நடந்தது எங்கள் பக்கத்தில் இல்லை, தெற்கே திருவிதாங்கூரில். மலையாளத்திலும் அந்த வண்டிக்கு 'வில்லுவண்டி' என்றுதான் பெயர்.

அய்யன்காளி. 1863-ல் திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் புலையர் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே முடியாது. மேல்சாதிக்காரர் வந்தால் வரப்பில் இறங்கி ஒதுங்க வேண்டும். இத்தனைக்கும் சாலைகள் எல்லோருக்கும் பொது என்று திருவிதாங்கூர் அரசு அதற்கு முன்பே ஆணை போட்டிருந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது, சாலையில் வேறு சட்டம் ஓடியது.

1893-ல் அய்யன்காளி ஒரு வில்வண்டியும் இரண்டு வெள்ளைக் காளைகளும் வாங்கினார். காளைகளுக்கு மணி கட்டினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தலையில் தலைப்பாகை. அவர் சமூகத்து ஆட்கள் அப்படி உடுத்துவதும் அன்று குற்றம் மாதிரிதான். அந்தக் கோலத்தில் பட்டப்பகலில் பொதுச்சாலையில் வண்டியை விட்டார். வழிமறித்தார்கள். இடுப்பில் இருந்த கத்தியை உருவிக் காட்டிவிட்டு வண்டியை மேலே ஓட்டினார் என்று சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவர் நடந்தே போயிருக்கலாம். நடக்கும் உரிமைக்கும் அவர் போராடினார். 1898-ல் பாலராமபுரத்தில் அவரும் தோழர்களும் சாலையில் நடந்து போனபோது பெரிய அடிதடியே நடந்தது. ஆனால் முதலில் அவர் எடுத்தது வண்டியை. அதுவும் மொட்டை வண்டியை இல்லை, பெரிய வீட்டு வண்டியை. "என் தகுதியை என் வண்டியை வைத்துத்தானே அளக்கிறீர்கள்? சரி, உங்கள் அளவுகோலிலேயே அளந்து பாருங்கள்" என்று சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு.

திருவிதாங்கூரோடு ஒப்பிட்டால் பாலக்காட்டுப் பக்கம் பரவாயில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு எதிலும் யாருக்கும் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே வருஷம் நவம்பரில் பாலக்காடு கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது தெருவுக்குள் போக முயன்ற ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். பெரியார் போய்ச் சிறைப்பட்ட வைக்கம் போராட்டமும் அதே 1924-ல்தான். ஒரே வருஷத்தில் மூன்று இடங்களில் கேள்வி ஒன்றுதான்: தெரு யாருடையது?

அம்பேத்கரின் வாழ்க்கையில் இரண்டு வண்டிகள் வருகின்றன. இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1901-ல் சின்னப் பையன். சதாராவில் இருந்து அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவுக்குக் கிளம்புகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பையன்கள் மகார் என்று தெரிந்துவிடுகிறது. எந்த வண்டிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை பேசி ஒருவர் சம்மதிக்கிறார், ஒரு நிபந்தனையோடு. பையன்களே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1929-ல், அதே ஆள் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த பாரிஸ்டர். அரசாங்கக் குழு ஒன்றின் உறுப்பினர். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை வைத்து ஓட்ட மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். அவரை நடக்க வைக்க மனமில்லாத அந்த ஊர் மக்கள் தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. ஒரு பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டுப் பட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்மைப் போல் நம்புகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அதில் ஒரு பகுதியாக்கினார். கல்குவாரிக் கூலிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பொது இடங்களில் நடந்த சைக்கிள் போட்டி, விழாக்களில் மட்டும் 70,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தெருவில் நின்றவர்கள் கேவலமாகப் பேசினார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது. பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வகை: "இந்த வண்டி உனக்கு அதிகம்." இன்னொரு வகை இருக்கிறது: "இந்த வண்டி உனக்குக் குறைச்சல்." அதற்குப் பலியானது ஒரு கார். டாடா நானோ.

ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனை வந்தது. 2008 ஜனவரி 10-ம் தேதி டெல்லியில் அறிமுகம், விலை ஒரு லட்சம். 2009-ல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு லட்சத்துக்கு மேல் முன்பதிவு. பிறகு சரிவு. சிங்கூரில் இருந்து தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்கு மாறியதால் தாமதம், சில வண்டிகள் தீப்பிடித்ததால் பயம் என்று காரணங்கள் பல. ஆனால் பெரிய காரணம் பெயர்தான். 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பெயரோடு வந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. அப்படி விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒத்துக்கொண்டார். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்யக் கட்டிய தொழிற்சாலை. 2011-12-ல் உச்சபட்சமாக விற்றது ஏறத்தாழ 74,500. 2018 ஜூனில் தயாரானது ஒரே ஒரு கார்.

மழையில் நனையாமல் நான்கு பேர் போகலாம் என்பதை விட, எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது நம் ஆட்களுக்குப் பெரிதாகப் பட்டது. தப்பு சொல்லவில்லை. பரம்பரை பரம்பரையாக வண்டியை வைத்தே மனுஷனை அளந்த ஊரில், மலிவான வண்டி வாங்குவது என்றால் "நான் இவ்வளவுதான்" என்று தண்டோரா போடுவது மாதிரி. நானோவை ஒதுக்கிய மனசும் அய்யன்காளியை மறித்த மனசும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. ஒன்று அளவுக்குக் கீழே போகாதே என்கிறது, மற்றொன்று மேலே ஏறாதே என்கிறது.

ஆனால் இரண்டுக்கும் கொடுக்கும் விலை ஒன்றல்ல. பழைய கார் ஓட்டுவதால் எனக்குப் போவது கொஞ்சம் கௌரவம், அதுவும் கல்யாண மண்டப வாசலில் பத்து நிமிஷம். 2018-ல் உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்சில் ஒரு தலித் மாப்பிள்ளை கல்யாண ஊர்வலம் போக நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் போலீஸ் காவலோடு போனார். 2025 பிப்ரவரியில் நம் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரைப் பக்கம், ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 1893-க்கும் 2025-க்கும் நடுவில் 132 வருஷம். காளைக்குப் பதில் எஞ்சின் வந்திருக்கிறது. எங்கள் எல்லையிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. கோபாலபுரத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தமிழ் பேசும் சக்லியர் சமூகத்தினர் தங்களைத் தீண்டாமையோடு நடத்துவதாக 2017-ல் எழுப்பிய புகார் கேரளம் முழுக்கப் பேசப்பட்டது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே யார் வீட்டில் என்ன கார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் நம் பழைய காரில் இருந்து இறங்கக் கூச்சப்படும் பிள்ளையிடம் "பணம் முக்கியமில்லை கண்ணு" என்று சொல்லிப் புண்ணியமில்லை, அது காதில் ஏறாது. வண்டியை வைத்து ஆளை அளப்பது எங்கிருந்து வந்தது, அது யாரை என்ன செய்தது என்று கதையாகச் சொன்னால் ஏறும். அடுத்தவர் ஓட்டும் வண்டியைப் பார்த்து நாம் சாப்பாட்டு மேசையில் அடிக்கும் கமெண்ட்டையும் அதே பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "அவனுக்கெல்லாம் அந்த வண்டியா?" என்ற வாக்கியத்தை வீட்டில் ஒழித்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய் கோவளம், பத்மநாபசாமி கோயில் என்று சுற்றினால், திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் சந்திப்பில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்த அய்யன்காளி சிலை அங்கே நிற்கிறது, தலைப்பாகையோடு. சுற்றிலும் எல்லா வகை வண்டியும், எல்லா வகை ஆட்களும் ஓட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.